விட்ட தண்ணீர் எங்கே போனது? வயிற்று வழி டயாலிசிஸில் கசிவும் மற்றத் தொல்லைகளும்

டயாலிசிஸ் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரிக் கட்டிலும் கையில் குத்திய ஊசியும் பக்கத்தில் ஓடும் மெஷினும்தான். வீட்டிலேயே, மெஷினே இல்லாமல், வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "அதுல இன்ஃபெக்‌ஷன் ஆகுமாமே" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவார்கள். இன்ஃபெக்‌ஷன் ஆகும், உண்மைதான். ஆனால் அதைப் பற்றி டாக்டரும் நர்ஸும் பயிற்சியின்போதே திரும்பத் திரும்பச் சொல்லிவிடுகிறார்கள். அந்த அளவுக்குப் பேசப்படாத விஷயம் கசிவு. உள்ளே விட்ட தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வராமல் வேறெங்கோ போய்விடுவது. அதனால் இந்தக் கட்டுரையில் கசிவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் வயிற்றுக்குள் குடல், கல்லீரல் எல்லாவற்றையும் மூடி, வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தையும் மூடி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. பெரிட்டோனியம் என்பார்கள். அதில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைய. தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, கதீட்டர் என்னும் மென்மையான சிலிக்கோன் டியூபை உள்ளே வைத்து, அதன் வழியாகப் பையில் இருக்கும் டயாலிசிஸ் தண்ணீரை வயிற்றுக்குள் விடுவார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு தடவைக்கு 2 லிட்டர். அது 4 முதல் 6 மணி நேரம் உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகள் சவ்வைத் தாண்டி அந்தத் தண்ணீருக்கு வந்துவிடும். தண்ணீரில் கலந்திருக்கும் சர்க்கரை, அதாவது டெக்ஸ்ட்ரோஸ், உடம்பில் மிச்சமாக இருக்கும் நீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் வெளியே வடித்துவிட்டுப் புதுப் பை. ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை இப்படி. இதற்குத்தான் சிஏபிடி என்று பெயர். இரவில் தூங்கும்போது மெஷினே பை மாற்றிக்கொடுக்கும் வகையும் உண்டு, அது ஏபிடி. அமெரிக்காவில் டெங்காஃப் என்ற டாக்டர் 1968இல் கொண்டுவந்த கதீட்டரின் வடிவம்தான் இன்றைக்கும் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. டெக்சாஸைச் சேர்ந்த பொப்போவிச், மான்கிரீஃப் இருவரும் 1976இல் சிஏபிடி முறையை முன்வைத்தார்கள்.

இதில் நோயாளி தினமும் எழுதிவைக்கும் கணக்கு ஒன்று உண்டு. எவ்வளவு விட்டோம், எவ்வளவு வந்தது. 2000 மில்லி விட்டு 2300 வந்தால், அந்த 300 உடம்பிலிருந்து வந்த நீர். இந்த நோட்டுப் புத்தகத்தையும் காலையில் பார்க்கும் உடல் எடையையும் யாரும் அலட்சியப்படுத்தாதீர்கள். கசிவு இருந்தால் முதலில் உளறிக்கொட்டுவது இந்த இரண்டும்தான்.

கசிவு ஏன் வருகிறது

2 லிட்டர் தண்ணீர் உள்ளே போனதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. படுத்திருக்கும்போது குறைவு, நின்றால் அதிகம், உட்கார்ந்தால் பொதுவாக இன்னும் அதிகம். இருமினால், மலம் கழிக்க முக்கினால், தண்ணீர்க் குடத்தையோ சிலிண்டரையோ தூக்கினால் அழுத்தம் ஒரே எகிறாக எகிறும். வயிற்றுச் சுவரில் எங்கே பலம் குறைவோ அங்கே தண்ணீர் வழி பார்க்கும். கதீட்டர் போட்ட துளை, பழைய ஆபரேஷன் தழும்பு, தொப்புள், தொடை இடுக்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம், இவைதான் அதன் வழக்கமான வழிகள். உடல் பருமன் உள்ளவர்கள், வயது கூடியவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், பல பிரசவம் கண்ட பெண்கள், ஏற்கெனவே வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

கதீட்டர் போட்ட முதல் 30 நாளுக்குள் வருவதை ஆரம்பக் கசிவு என்பார்கள். இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். டியூப் வெளியே வரும் இடத்தில் போட்ட கட்டு ஈரமாக இருக்கும், சட்டை நனையும். கதீட்டரில் பஞ்சு போன்ற பட்டை பொதுவாக இரண்டு உண்டு. அதைச் சுற்றிச் சதை வளர்ந்து இறுகிப் பிடித்துக்கொள்ள நாள் பிடிக்கும். அதனால்தான் டியூப் போட்ட பிறகு சுமார் 2 வாரம் பொறுத்து டயாலிசிஸைத் தொடங்குவது வழக்கம். "டியூப் போட்டாச்சு, ஏன் இன்னும் ஆரம்பிக்கல" என்று வீட்டில் சண்டை போடுகிறவர்களுக்கு இதுதான் பதில். தள்ளிப்போட முடியாத அவசரம் என்றால் குறைந்த அளவு தண்ணீரை, படுத்த நிலையில் மட்டும் விட்டுத் தொடங்குவார்கள்.

அந்த ஈரம் டயாலிசிஸ் தண்ணீர்தானா, வெறும் வியர்வையா, புண்ணிலிருந்து வரும் நீரா? சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்பை அதில் தொட்டுப் பார்ப்பார்கள். டயாலிசிஸ் தண்ணீரில் சர்க்கரை ஏராளம் என்பதால் நிறம் சட்டென்று மாறிவிடும். எளிமையான சோதனை, செலவும் அதிகம் இல்லை.

இதற்கு முக்கிய வைத்தியம் ஓய்வு. வயிற்றுக்குத் தண்ணீர் விடுவதை 1 முதல் 3 வாரம்வரை நிறுத்திவைத்தால் பெரும்பாலும் துளை தானாக மூடிக்கொள்ளும். அந்த நாட்களில் தேவைப்பட்டால் தற்காலிகமாக மெஷினில் செய்யும் ரத்த வழி டயாலிசிஸ். ஈரம் இருக்கும் இடத்தில் கிருமி எளிதாக ஏறும் என்பதால் சில டாக்டர்கள் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார்கள். மேலும் மேலும் கட்டுப் போட்டு, பிளாஸ்டரை இறுக்கி ஒட்டி, நம் பாட்டுக்குப் பை மாற்றிக்கொண்டிருப்பது மட்டும் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

மாதங்களோ வருடங்களோ கழித்து வரும் கசிவுதான் ஏமாற்றும். தண்ணீர் தோலுக்கு வெளியே வராது, வயிற்றுச் சுவரின் அடுக்குகளுக்குள்ளேயே ஊறிவிடும். நோயாளிக்குத் தெரிவதெல்லாம் இவ்வளவுதான்: வடியும் அளவு குறைந்திருக்கிறது, எடை ஏறியிருக்கிறது, வயிறு ஒரு பக்கம் மட்டும் தொங்குகிற மாதிரி இருக்கிறது, பாவாடை நாடாவோ பேன்ட் இடுப்புப் பட்டியோ பதிந்த தடம் ஆழமாக விழுகிறது. சில நேரம் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழிகுழியாகத் தெரியும்.

இங்கேதான் பெரிய குழப்பம் நேர்கிறது. வடிவது குறைந்தால், "சவ்வு வேலை செய்யவில்லை போலிருக்கிறது" என்று முதலில் தோன்றும். உடனே பையின் பலத்தைக் கூட்டுவார்கள். டெக்ஸ்ட்ரோஸ் 1.5 சதவீதம், 2.5 சதவீதம், 4.25 சதவீதம் என்று மூன்று பலத்தில் பை வருகிறது. சவ்வுதான் மந்தமாகிவிட்டது என்றால் பலம் கூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. கசிவு என்றால் நிலைமை மோசமாகும். பலமான பை இன்னும் அதிக நீரை வயிற்றுக்குள் இழுக்கும், அழுத்தம் ஏறும், ஓட்டை வழியாகப் போவதும் கூடும். எனவே வடிவது திடீரென்று குறைந்தால், பையை மாற்றும் முன் "விட்ட தண்ணீர் எங்கே போனது" என்று கேட்டுவிட வேண்டும். நோயாளியே கேட்கலாம், தப்பே இல்லை. என்னைக் கேட்டால், அவர்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் நாளுக்கு 4 தடவை அந்தத் தண்ணீரை அளப்பவர் அவர்தானே.

அடுத்தது பலரும் வெட்கப்பட்டு மறைக்கும் கசிவு. ஆண்களுக்கு விரைப்பை வீங்கிவிடும். பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உதடுகள் வீங்கும். ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றிலிருந்து கீழே இறங்கும் பாதை சிலருக்கு முழுசாக மூடாமல் இருந்துவிடும். சாதாரண வாழ்க்கையில் அது தெரியவே தெரியாது. 2 லிட்டர் தண்ணீர் அழுத்தத்தோடு வந்து நிற்கும்போது அந்தப் பழைய பாதை திறந்துகொள்ளும். வயிற்றுச் சுவரில் வேறு எங்காவது கசிந்த தண்ணீர் தோலுக்கு அடியிலேயே வழிந்து கீழே சேர்வதும் உண்டு. இரண்டில் எது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். டயாலிசிஸ் தண்ணீரிலேயே ஸ்கேனில் தெரியும் மருந்தைக் கலந்து உள்ளே விட்டு, நோயாளியைக் கொஞ்ச நேரம் நடக்கவைத்து, பிறகு சிடி ஸ்கேன் எடுத்தால் தண்ணீர் போன வழி படமாகத் தெரிந்துவிடும். இதையெல்லாம் செய்ய, நோயாளி முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டுமே! நர்ஸிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மகனிடம் சொல்லக் கூச்சம் என்றால் தாளில் எழுதியாவது கொடுங்கள்.

எல்லாவற்றிலும் பயமுறுத்துவது நெஞ்சுக்குள் போகும் கசிவு. உதரவிதானத்தில் இருக்கும் சின்னஞ்சிறு ஓட்டை வழியாகத் தண்ணீர் நுரையீரலைச் சுற்றியுள்ள இடத்துக்கு ஏறிவிடும். டயாலிசிஸ் செய்பவர்களில் 100க்கு சுமார் 2 பேருக்கு வரக்கூடியது, அதிகமாக வலது பக்கம்தான். இடது பக்கம் இதயமும் அதன் உறையும் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்து அடைத்துக்கொள்வதால் அப்படி என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். மூச்சு வாங்கும், படுத்தால் இன்னும் மோசமாகும், வடியும் அளவு குறையும். சிலருக்கு ஒரு தொல்லையும் தெரியாமல் எக்ஸ்ரேயில்தான் அகப்படும். இதிலும் அதே குழப்பம்: "உடம்பில் நீர் கோத்துவிட்டது" என்று பலமான பையைப் போட்டால் மூச்சுத் திணறல் கூடத்தான் செய்யும். நெஞ்சில் இருக்கும் நீரை ஊசியால் கொஞ்சம் எடுத்து அதில் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள். ரத்தத்தில் இருப்பதைவிட ரொம்ப அதிகம் என்றால் அது டயாலிசிஸ் தண்ணீர்தான் என்று கிட்டத்தட்ட உறுதி. உடனே வயிற்று டயாலிசிஸை நிறுத்திவிட்டு ரத்த வழிக்கு மாற்றுவார்கள். சிலருக்குச் சில வார ஓய்வுக்குப் பிறகு குறைந்த அளவில் திரும்பத் தொடங்க முடிகிறது. சிலருக்கு நுரையீரல் உறையின் இரண்டு அடுக்குகளையும் டால்க் போன்ற மருந்தால் ஒட்டவைப்பார்கள், அல்லது நெஞ்சில் கேமரா விட்டு ஓட்டையைத் தைப்பார்கள். இன்னும் சிலர் நிரந்தரமாக ரத்த வழி டயாலிசிஸுக்கே போய்விடுகிறார்கள்.

குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, கசிவின் பங்காளி. அதே அழுத்தம், அதே பலவீனமான இடங்கள். இங்கே தண்ணீரோடு குடலும் பிதுங்கி வரும். தொப்புளில் முன்பே சின்ன வீக்கம் இருந்தால் கதீட்டர் போடும் முன்னரே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது, டியூப் போடும்போதே அதையும் தைத்துவிட முடியும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, அமுக்கினால் உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் ஒரு நாள் போகாமல், கெட்டியாகி, வலித்து, வாந்தியும் வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

வடியாத தண்ணீர் எல்லாம் கசிவு இல்லை

டியூபே அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வராது. இதில் முதல் குற்றவாளி யார் தெரியுமா? மலச்சிக்கல். குடல் நிறைந்து டியூபை நெருக்கும், அல்லது இடம் மாற்றித் தள்ளிவிடும். பல பேருக்கு மலமிளக்கி கொடுத்து வயிறு சுத்தமானதுமே தண்ணீர் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். அடுத்தது ஃபைப்ரின், வெள்ளை வெள்ளையாக நூல் போலப் பையில் மிதக்கும் புரதம். இதற்குப் பையில் ஹெப்பாரின் என்ற உறைவு தடுக்கும் மருந்தைச் சேர்ப்பார்கள். டியூபின் நுனி இடுப்புக்குழியை விட்டு மேலே ஏறிக்கொண்டதா என்று எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை டியூபைச் சுற்றிக்கொண்டால் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், தேவைப்படலாம். அடைப்பு என்றால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக, திக்கித் திக்கி வரும், ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ எழுந்து நடந்தாலோ சில நேரம் கொஞ்சம் கூடுதலாக வரும். கசிவு என்றால் பெரும்பாலும் ஓட்டம் நன்றாகவே இருக்கும், மொத்தம்தான் குறையும்.

கலங்கல் தண்ணீர்

சரி, இன்ஃபெக்‌ஷனுக்கு வருவோம். வயிற்றுச் சவ்வில் கிருமி தொற்றினால் பெரிட்டோனைட்டிஸ். வடிந்த தண்ணீர் கலங்கலாக வரும், வயிறு வலிக்கும், காய்ச்சல் வரலாம், வராமலும் இருக்கலாம். வடிந்த பையை அச்செழுத்துள்ள தாளின் மேல் வைத்து எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். எழுத்து மங்கினால், வலி இல்லாவிட்டாலும், அந்தப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொட்டிவிடாதீர்கள், சோதனைக்கு அதுதான் வேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் 100க்கு மேல் வெள்ளை அணுக்கள் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் தொற்று என்றே வைத்துக்கொண்டு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவார்கள், பெரும்பாலும் பையிலேயே கலந்து. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தண்ணீர் தெளிய ஆரம்பிக்கும். சரியான மருந்து கொடுத்தும் 5 நாளில் தெளியாவிட்டால் டியூபை எடுக்கச் சொல்வார்கள். பூஞ்சைத் தொற்று என்றால் காத்திருப்பதே கிடையாது, உடனே எடுத்துவிட வேண்டும். நம் நாட்டில் காசநோயும் இப்படி வயிற்றில் வரக்கூடும் என்பதால், வழக்கமான மருந்துக்கு அடங்காத கலங்கலில் அதையும் தேடிப் பார்ப்பார்கள்.

தொற்று வரும் வழி பெரும்பாலும் கைதான். பை மாற்றும்போது டியூபின் முனையில் விரல் பட்டுவிடுவது, மாஸ்க் இல்லாமல் பேசுவது, ஃபேன் காற்று. ஏப்ரல், மே வெயிலில் ஃபேனை நிறுத்தி ஜன்னலையும் சாத்திவிட்டு உட்காருங்கள் என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் இணைப்பை மாட்டுவதும் கழற்றுவதும் சில நிமிட வேலை, அந்த நேரத்துக்காவது பொறுத்துக்கொள்ளுங்கள். மாட்டியாகிவிட்டால் ஃபேனைப் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளம், ஆறு, கிணற்றுக் குளியல் வேண்டாம். டியூப் வெளியே வரும் இடத்தில் சிவப்பு, சீழ், தொட்டால் வலி இருந்தால் அது தனித் தொற்று. அங்கிருந்து தோலுக்கு அடியில் டியூபை ஒட்டியே உள்ளே போய்ச் சேரும் என்பதால் சின்ன விஷயம் என்று விடக் கூடாது. முபிரோசின் போன்ற களிம்பைத் தினமும் அந்த இடத்தில் தடவச் சொல்வது இதற்காகத்தான்.

தண்ணீர் ரோஜா நிறத்தில் வந்தால் பதற்றம் வரும். மாதவிடாய், கருமுட்டை வெளிவரும் நாட்களில் பெண்களுக்கு இது சகஜம், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அடர் சிவப்பாக வந்தாலோ வலி இருந்தாலோ கதை வேறு, உடனே காட்ட வேண்டும். தோள்பட்டை வலி வந்தால் டியூப் வழியாகக் காற்றுக் கொஞ்சம் உள்ளே போய் உதரவிதானத்துக்கு அடியில் நிற்கிறது என்பதே பொதுவான காரணம்.

சர்க்கரை, புரதம், ஒரு ஆபத்தான எண்

தண்ணீரில் இருக்கும் டெக்ஸ்ட்ரோஸ் சும்மா இருப்பதில்லை. பையின் பலத்தைப் பொறுத்து ஒரு நாளைக்கு 100 முதல் 200 கிராம் சர்க்கரைகூட உடம்புக்குள் போய்விடும். சாப்பிடாமலேயே எடை கூடும், கொழுப்புக் கூடும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரும். அதே நேரத்தில் வடியும் தண்ணீரோடு தினமும் 5 கிராமுக்கு மேல் புரதம் வெளியேறுகிறது, தொற்று இருக்கும் நாட்களில் இன்னும் அதிகம். எனவே "கிட்னி நோயாளி, பருப்பு முட்டை தொடக் கூடாது" என்ற பக்கத்து வீட்டு அறிவுரை டயாலிசிஸ் தொடங்கிய பிறகு பொருந்தாது. முட்டையின் வெள்ளைக்கரு, மீன், கோழி எல்லாம் எவ்வளவு என்று உணவு ஆலோசகரிடம் கேட்டுச் சாப்பிட வேண்டும். பொட்டாசியம்கூட இவர்களில் பலருக்குக் குறைந்துபோகும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம், இதை நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட நேரம் உள்ளே வைக்க ஐக்கோடெக்ஸ்ட்ரின் என்ற வேறு வகைப் பை உண்டு. அது உடம்பில் மால்டோஸாக உடையும். சில வகை குளுக்கோமீட்டர் ஸ்டிரிப்புகள் அந்த மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணி, இல்லாத சர்க்கரையைக் காட்டும். உண்மையில் 60 இருக்கும் ஆளுக்கு 200க்கு மேல் காட்டினால், அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பை பயன்படுத்தும் எவரும் தங்கள் ஸ்டிரிப் அதற்கு ஏற்றதுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குச் சேர்ந்தாலும் அங்கே இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் மயங்கிக் கிடந்தாலும் யாராவது படிப்பார்கள்.

வருடங்கள் ஓட ஓடச் சவ்வு களைத்துப்போவதும் உண்டு. 4.25 சதவீதப் பையை 4 மணி நேரம் வைத்தும் கூடுதலாக 400 மில்லிகூட வரவில்லை என்றால் நீரிழுக்கும் திறன் போய்விட்டது என்பார்கள். இதைச் சொல்வதற்கு முன்பும் கசிவும் அடைப்பும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். மிக அரிதாக, பல ஆண்டு செய்தவர்களுக்குச் சவ்வு தடித்துக் குடலைச் சுற்றி இறுகிப்போகும் கடுமையான நிலையும் வருவதுண்டு.

கசிவு மூடிய பிறகு திரும்பத் தொடங்கும்போது யாரும் எடுத்த எடுப்பில் 2 லிட்டர் விடுவதில்லை. பாதிக்கும் குறைவாக, படுத்த நிலையில், பகலில் வயிற்றைக் காலியாக வைத்து, இரவில் மட்டும் மெஷின் வழியாக என்று மெல்லக் கூட்டுவார்கள். அதுவரை கனமான பொருள் தூக்கக் கூடாது, இருமலுக்கு உடனே மருந்து, மலச்சிக்கலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சிஏபிடி பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அளவு மாறியிருக்கும் நாட்களில் முன்பு எழுதிக்கொடுத்த கணக்குப்படியே பைகள் வந்து சேரலாம், எனவே பலமும் எண்ணிக்கையும் இப்போதைய சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பெட்டியைப் பிரிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.